சேற்றில் ஒரு சல்லடை, கடலில் ஒரு சல்லடை

அதிராம்பட்டினத்தில் போய் இறங்கியதும் முதல் காரியமாக நான் அசடு வழிந்தேன். ரயிலடிக்கு வெளியே ஒரு பையன், "காக்கா! காக்கா!" என்று கூவிக்கொண்டு ஓடினான். பறவைகளைப் பற்றி எழுத வந்தவன் அல்லவா? உடனே அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். மரத்தில் ஒன்றையும் காணோம். பையன் நேரே ஓடிப்போய், சைக்கிளில் வந்த ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறந்தான் விஷயம் புரிந்தது. இந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் அண்ணனைக் 'காக்கா' என்று அழைப்பார்கள்!

அந்தக் காக்காவே எனக்கு வழியும் சொன்னார்: "நாரை பார்க்கணுமா? விடியக் காலையிலே உப்பளத்துப் பக்கம் போங்க. வெயில் ஏறிட்டா கிட்டே நெருங்க விடாது."

மறுநாள் பொழுது புலரும் நேரத்தில் அளத்து வரப்பில் நின்றேன். தஞ்சை ஜில்லா என்றால் நம் மனக்கண்ணில் தோன்றுவது பச்சை வயல்தானே? இங்கே பச்சை முடிந்துபோகிறது. காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலோரத்தில் சேறாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளம். கிழக்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு. அதையும் தாண்டிப் போனால் கோடியக்கரை. எதிரே, ஆழம் குறைந்த பாக் கடல், குளம் மாதிரி அசையாமல் கிடந்தது.

அந்தச் சேற்று நீரில், தூரத்தில், யாரோ ரோஜாப்பூக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனதுபோல் ஒரு திட்டுத் தெரிந்தது. திட்டு மெல்ல நகர்ந்தது. அவைதாம் பூநாரைகள்.

இவற்றை, சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூது விட்டாரே, அந்தச் செங்கால் நாரை என்று எண்ணிவிடாதீர்கள். அது வேறு ஜாதி. பூநாரை மூக்கை வளைத்துக்கொண்டு பிறந்த தனிக் குலம்.

தலைகீழ்ச் சாப்பாடு

நன்றாக நிமிர்ந்து நின்றால் பூநாரை நாலடிக்குக் குறையாது. ஐந்தடி உயரம் உள்ளதும் உண்டு. ஆனால் எடை என்னவோ இரண்டு கிலோவிலிருந்து நாலு கிலோ வரைதான். காலும் கழுத்துமாகவே உடம்பு முடிந்துபோயிற்று!

அது சாப்பிடுகிற அழகைப் பார்க்க வேண்டும். நீண்ட கழுத்தைக் கீழே தொங்கவிட்டு, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைத் தண்ணீரில் தோய்க்கிறது. நமக்குக் கீழுதடு எப்படியோ, அப்படி அதற்கு மேலலகு அப்போது கீழே இருக்கிறது. அலகின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போல வரிசை வரிசையாக மெல்லிய தகடுகள். தடித்த நாக்கு பம்பு மாதிரி முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை இழுக்கிறது, வெளியே தள்ளுகிறது. தண்ணீர் போய்விடும், அதிலிருந்த பூச்சிப் புழு, சிற்றிறால், நுண்ணிய நத்தை, விதை எல்லாம் உள்ளே தங்கிவிடும். சுருங்கச் சொன்னால், அதன் வாய் ஒரு சல்லடை.

சல்லடை சும்மா இருந்தால் போதாது. சலிக்கிற கையும் வேண்டும் அல்லவா? 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் பூநாரைகளின் சிலி நாட்டு உறவினத்தைத் தொட்டியில் நிறுத்தி ஆராய்ந்து, வேடிக்கையான ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பறவை காலால் சேற்றை மிதித்துச் சுழல் உண்டாக்குகிறது. தலையை வெடுக்கென்று மேலே இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே ஒரு குட்டிச் சூறாவளியைக் கிளப்புகிறது. அலகு விநாடிக்குப் பன்னிரண்டு தடவை படபடவென்று அடித்துக்கொள்கிறது. சுழலில் சிக்கிய இறால் குஞ்சுகள் தாமாகவே வாய்க்கு வந்து சேருகின்றன! 'சாது மாதிரி நின்றுகொண்டிருக்கிறதே' என்று நாம் நினைக்கிறோம். தண்ணீருக்கு அடியில் பெரிய மாவரைக்கும் மில்லே ஓடுகிறது.

கடலில் ஒரு காக்கா

வெயில் ஏறியது. பூநாரைகள் சொல்லி வைத்தாற்போல் எழும்பி, கறுப்பும் சிவப்புமான இறக்கைகளை விரித்துக்கொண்டு கிழக்கே போய்விட்டன. நான் கடற்கரைக்கு நடந்தேன்.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காலையில் கண்ட காட்சியைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"உங்க நாரைக்குக் கடல்லே ஒரு காக்கா உண்டு, தம்பி. தெரியுமா?"

"காக்காவா? எந்தக் காக்கா?" என்றேன், முதல்நாள் ஏமாந்த எச்சரிக்கையுடன்.

"அண்ணன்காரன்தான். வெள்ளைப் புள்ளி போட்ட சுறா. கோடியக்கரைக்கு அப்பாலே ஆழத்திலே ஒருதரம் பார்த்திருக்கேன். எங்க படகைவிட நீளம். முதல்லே பார்த்தவன் நடுங்கித்தான் போவான். ஆனா ஆளை ஒண்ணும் பண்ணாது. வாயைத் திறந்து கூனியைக் குடிச்சுக்கிட்டுச் சும்மா போகும்."

திமிங்கலச் சுறாவைத்தான் பெரியவர் சொன்னார். 1828-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டேபிள் குடாவில் பிடிபட்ட ஒன்றைக் கண்டு ஆண்ட்ரூ ஸ்மித் என்ற வைத்தியர் முதன்முதலாக விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்து வைத்தார். இன்று உலகில் உள்ள மீன்களிலெல்லாம் மிகப் பெரியது இதுவே. சாதாரணமாக முப்பது நாற்பது அடி. மிகப் பெரியவை அறுபது அடி. வாயை விரித்தால் ஒரு குழந்தை கையை நீட்டிக்கொண்டு உள்ளே நிற்கலாம். வாய்க்குள் சுமார் மூவாயிரம் பற்கள்!

பயந்துவிட்டீர்களா? பயம் வேண்டாம். அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவுதான். அவற்றால் கடிக்கவும் முடியாது, மெல்லவும் முடியாது. தொண்டையும் குறுகலானது. பெயர் சுறா, குணம் பசு.

பிறகு எப்படிப் பிழைக்கிறது? பூநாரை மாதிரியேதான். வாயைத் திறந்து மெதுவாக நீந்தும். அல்லது தண்ணீரில் செங்குத்தாக நின்றுகொண்டு மடக்கு மடக்கென்று உறிஞ்சும். தண்ணீர் செவுள் வழியாக வெளியேறும். செவுளுக்கு முன்னால் கடற்பஞ்சு போன்ற இருபது சல்லடைத் தட்டுகள் இருக்கின்றன. கூனி, மீன் முட்டை, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பூச்சிகள் எல்லாம் அங்கே நின்றுவிடும். இருபதடிச் சுறா ஒன்று மணிக்கு ஆறு லட்சம் லிட்டர் தண்ணீரை இப்படி வடிகட்டுகிறதாம். அதாவது ஐம்பது தண்ணீர் லாரி! அவ்வளவு பாடுபட்டும் ஒரு நாளைக்கு அதற்குக் கிடைப்பது சுமார் இருபது கிலோ ஆகாரம். அவ்வப்போது சல்லடை அடைத்துக்கொள்ளும். அப்போது ஒரு பெரிய இருமல் இருமி அதைச் சுத்தம் செய்துகொள்ளும்.

'கூனி' என்றேனே, நம் கடற்கரைச் சந்தையில் உலர்த்தி விற்கிறார்களே, அதே பொடி இறால்தான். ஏழை வீட்டுக் குழம்புக்கு மணம் கொடுக்கும் கூனிதான், கடலின் மிகப் பெரிய மீனுக்கும் சோறு.

பொருத்தம் பார்ப்போமா?

ஒன்று பறவை, மற்றொன்று மீன். ஒன்று நாலு கிலோ, மற்றொன்று பல டன். ஒன்றின் ரத்தம் சூடு, மற்றொன்றின் ரத்தம் குளிர்ச்சி. இரண்டுக்கும் பொது மூதாதை யார் என்று தேடினால் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும். ஆகவே, பூநாரையைப் பார்த்துச் சுறாவோ, சுறாவைப் பார்த்துப் பூநாரையோ இந்த வித்தையைக் கற்கவில்லை. தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. கலங்கிய நீரில் கோடிக்கணக்கில் சின்ன உயிர்கள் மிதக்கும்போது, ஒவ்வொன்றாகப் பொறுக்குவது மடமை. மொத்தமாகச் சலிப்பதே சாமர்த்தியம்!

சரி, கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல் மற்றப் பொருத்தங்களையும் பார்த்துவிடுவோம்.

முதலில் நிறம். பூநாரையின் சிவப்பு சொந்தச் சொத்து அல்ல, சாப்பாட்டில் வந்தது. காரட்டுக்கு நிறம் கொடுக்கும் வகையைச் சேர்ந்த ஒரு சத்து, அது தின்னும் சிற்றிறாலிலும் பாசியிலும் உண்டு. அது இறகில் ஏறிச் சிவக்கிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். அலகும் நேராகவே இருக்கும். சிவக்கவும் வளையவும் நாளாகும்.

சுறாவுக்கு நட்சத்திரப் பொருத்தமே பார்க்கிறார்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதன் முதுகுப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இராது. வானத்து விண்மீன் படங்களை ஒப்பிடுவதற்கென்று ஏற்பட்ட ஒரு கணக்கு முறையை 2005-ஆம் ஆண்டில் இந்தப் புள்ளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அதன் உதவியால், 'இது போன வருஷம் வந்த அதே சுறா' என்று இன்று அடையாளம் சொல்லிவிடுகிறார்கள்.

பிள்ளை வளர்ப்பில்தான் இருவரும் எதிரும் புதிரும். பூநாரைத் தம்பதிகள் சேற்றைக் குவித்துச் சிறு மேடை கட்டி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடுகின்றன. இருவரும் முறை போட்டு ஒரு மாதம் அடை காக்கிறார்கள். குஞ்சு பொரிந்ததும் பால் கொடுக்கிறார்கள்! ஆம், தொண்டைப் பையில் சுரக்கும் ஒருவகைச் சிவந்த பால். தாய் மட்டுமல்ல, தகப்பனும் கொடுக்கும். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

சுறாத் தாய்க்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது. 1995-ஆம் ஆண்டில் தைவான் அருகே பிடிபட்ட ஒரு தாயின் வயிற்றில் சுமார் முந்நூறு குட்டிகள் இருந்தன. முட்டை வயிற்றிலேயே பொரிந்து, குட்டியாக வெளியே வரும். வந்த கணத்திலிருந்து அதன் பாடு அதன் பொறுப்பு.

முந்நூறு குட்டிகளா, அப்படியானால் கடலே நிரம்பிவிடுமே என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் குட்டிகளில் பிழைத்து ஆளாவது மிகச் சில. ஆளாக முப்பது வருஷம்கூடப் பிடிக்கும். 2012-ஆம் ஆண்டில் பாகிஸ்தான் கரையில் ஒதுங்கிய ஒன்றின் முதுகெலும்பைப் பின்னர் ஆராய்ந்து, வயது ஐம்பது என்று கணக்கிட்டார்கள். முன்பு அணுகுண்டுச் சோதனைகளால் கடலில் கலந்த கதிரியக்கக் கரி எலும்பில் படிந்திருந்தது. அதுவே ஜாதகமாக உதவியது. பூநாரையும் லேசுப்பட்டதல்ல. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் 2014-ஆம் ஆண்டில் இறந்த ஒன்றுக்கு வயது எண்பத்து மூன்றுக்குக் குறையாது!

ஆக, மெதுவாக வளர்ந்து, நெடுநாள் வாழ்ந்து, கொஞ்சமாகத் தழைக்கும் குடும்பங்கள் இரண்டும். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பெரிய உயிர் போனால், அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை ஆகும்.

தாய்வீடு வந்த மகள்

நம் நாட்டில் இந்த இரண்டு குடும்பங்களும் அடுத்தடுத்துத் தங்கும் சீமை ஒன்று உண்டு. அது குஜராத். மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் கட்ச் பாலைச் சதுப்பில் பூநாரைகள் லட்சக்கணக்கில் கூடிக் கூடு கட்டும். 1945-ஆம் ஆண்டில் அங்கே போன பறவை ஞானி சாலிம் அலி, அந்த இடத்தைப் 'பூநாரை நகரம்' என்றே அழைத்தார். அங்கிருந்து தெற்கே வந்தால் சௌராஷ்டிரக் கடற்கரை. அங்கேதான் திமிங்கலச் சுறாக்கள் கூட்டமாக வருகின்றன.

அந்தச் சுறாக்களுக்கு 1990-களில் பெரும் கேடு வந்தது. அதன் ஈரலெண்ணெயைப் படகுகளுக்குப் பூசினார்கள். இறைச்சியை வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். தூண்டிலில் மாட்டிய சுறா ஆழத்தில் போய்விடாதபடி காலிப் பீப்பாய்களைக் கட்டி இழுத்ததால், அதற்குப் 'பேரல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! நூற்றுக்கணக்கில் மாண்டன. மைக் பாண்டே என்பவர் அந்தக் காட்சிகளைப் படமெடுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறு ஆண்டே, 2001-ஆம் ஆண்டு மே மாதம், புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணைப் பாதுகாப்பைச் சர்க்கார் இந்த மீனுக்கும் கொடுத்தது. இந்தியாவில் அந்தச் சலுகை பெற்ற முதல் மீன் இதுதான்.

சட்டம் வந்தால் போதுமா? கரையில் உள்ளவன் மனசு மாற வேண்டாமா? கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு என்ற பெரியவர் 2004-ஆம் ஆண்டு முதல் மீனவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னார். 'இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் போன்றது. வந்த மகளைக் கொல்லுவோமா?' என்பதே அதன் சாரம். அவ்வளவுதான். 'பேரல்' போய், 'வாலி' என்ற பெயர் வந்தது; அந்த ஊர்ப் பாஷையில் 'அன்பு மகள்' என்று அர்த்தம். எந்தக் கைகள் தூண்டில் வீசினவோ, அதே கைகள் சொந்த வலையை அறுத்துச் சுறாவை விடுவிக்கத் தொடங்கின. இதுவரை தொள்ளாயிரத்துக்கும் மேல் விடுதலை பெற்றிருக்கின்றன. அறுத்த வலைக்குச் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கிறது. அத்தாட்சிக்கு மீனவர்களே படம் பிடித்துக்கொள்ள நனையாத காமிராவும் கொடுத்திருக்கிறார்கள்.

சல்லடையின் குறை

இதையெல்லாம் வலை பின்னும் பெரியவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வலையை அறுக்கிறது லேசில்லை, தம்பி. கஜா புயல்லே இந்தக் கரையிலே எத்தனை பேர் படகும் வலையும் போச்சு! வலைதான் எங்க நிலம். ஆனா ஒண்ணு. கடல் பசு மாட்டினா நாங்க அறுத்துத்தான் விடுறோம். அந்த மனசு சுறாவுக்கும் வராமலா போயிடும்?"

அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா இந்தக் கரையையே புரட்டிப்போட்டது. அப்படியிருந்தும், வலையில் சிக்கிய கடல் பசுக்களை இந்தப் பகுதி மீனவர்கள் விடுவித்து வனத்துறையின் பாராட்டைப் பெற்றிருக்கிறார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து தெற்கே அம்மாபட்டினம் வரையுள்ள 448 சதுர கிலோமீட்டர் கடல், 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே முதலாவது கடல் பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வலையை அறுத்துவிடலாம். ஆனால், அறுக்க முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சல்லடை வாய்க்காரர்களுக்குப் பெரிய குறை என்ன தெரியுமா? அவர்கள் தண்ணீரை நம்பிச் சாப்பிடுகிறவர்கள். கழுகு இரையைப் பார்த்துப் பிடிக்கும். புலிச்சுறா மோந்து பார்த்துக் கடிக்கும். பூநாரையும் திமிங்கலச் சுறாவுமோ, 'தண்ணீரில் உள்ளது எல்லாம் ஆகாரம்' என்று வாயைத் திறந்துவிடுகின்றன. பல கோடி வருஷங்களாக அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. இப்போது பொய்க்கிறது.

2018-ஆம் ஆண்டில் பாம்பன் கரையில் ஒரு திமிங்கலச் சுறா இறந்து ஒதுங்கியது. அறுத்துப் பார்த்தபோது அதன் குடலில் சிக்கியிருந்தது ஒரு பிளாஸ்டிக் கரண்டி! எந்த ஊர்க் கல்யாண விருந்தில் யார் பாயசம் குடித்துவிட்டு எறிந்ததோ? ஆறு அதைக் கடலுக்குக் கொடுத்தது. கடல் சுறாவுக்குப் பரிமாறியது.

பூநாரையின் நிலையும் அதேதான். அதற்குச் சேறு வேண்டும். அளவான உப்பும், அளவான நன்னீரும், அளவான ஆழமும் வேண்டும். காவிரி நீர் கடைமடைக்கு எட்டாமல் போனாலும், கழிமுகத்தில் கழிவு கலந்தாலும் முதலில் சாவது சேற்றுப் புழு. புழு இல்லாத இடத்தில் பூநாரைக்கு என்ன வேலை? வலசைப் பறவைக்கு வழக்கு மன்றம் கிடையாது. அடுத்த வருஷம் வராமல் இருந்துவிடும், அவ்வளவுதான். இன்று உலகக் கணக்கில் திமிங்கலச் சுறா அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. பூநாரை அந்தப் பட்டியலில் இல்லை. அதில் ஏறாமல் பார்த்துக்கொள்வது இந்தச் சேறுகளின் கையில் இருக்கிறது.

மாலை ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டேன். வழியில், ஒரு குடிசை வாசலில், ஓர் அம்மாள் காய்ந்த கூனியை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். தூசி பறந்தது. கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு நீல நிறத்தில் ஏதோ ஒரு துணுக்கு. நைலான் கயிறோ, பிளாஸ்டிக் பையின் கிழிசலோ. அதை விரலால் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கடல்லே இதெல்லாம் எப்பிடித்தான் வருதோ!" என்று முணுமுணுத்தபடி, அடுப்பங்கரைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அந்த அம்மாளுக்குக் கண் இருக்கிறது, விரல் இருக்கிறது, ஆகவே தப்பினாள். அதே கூனியை நம்பி வாய் திறக்கும் மற்ற இருவருக்கும், அவர்கள் சார்பில் முறம் பிடித்துப் புடைக்க யார் இருக்கிறார்கள்? கரையில் இருக்கும் நீங்களும் நானும்தானே!